வந்து கூட்டிட்டுப் போயிருங்க

வந்து கூட்டிட்டுப் போயிருங்க என்றுதான் அந்தச் சூப்பர்வைசரம்மா சொன்னாள். வந்து பாருங்க என்று சொல்லியிருக்கலாம். வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க என்றிருந்தால்கூடக் கொஞ்சம் இடம் இருந்திருக்கும், ஒற்றைக் கால் வைத்து நிற்கிற அளவுக்காவது. கூட்டிட்டுப் போயிருங்க என்றால் அங்கே பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். டவுன் பஸ்ஸில் சரியாக வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்ட சுகந்தி, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். தோசையா அது, திருப்பிப் போட்டால் வேகுவதற்கு. சோத்து நேரத்துல ஒரு காரியம் பண்ணிப்போட்டாளுங், போன்ல சொல்ற மாதிரி இல்லீங், வந்து கூட்டிட்டுப் போயிருங்க. அதற்குள் பின்னால் ஏதோ மிஷின் ஓட ஆரம்பித்து மிச்சத்தை விழுங்கிவிட்டது. திருப்பி அடித்தால் மணி போகிறது, எடுப்பாரில்லை. வேலை நேரத்தில் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு டிரேயில் போட்டுப் பூட்டிவிடுவார்கள் அந்தக் கம்பெனியில், அங்கே இவள் வேலைக்குச் சேர்த்துவிட்ட நிரோஷாவே சொல்லியிருக்கிறாள், அதில் ஒரு பெருமை வேறு அவளுக்கு, பூட்டி வைக்கிற அளவுக்குத் தன்னிடமும் ஒரு போன் இருக்கிறதாம். போன் வந்தபோது சுகந்தி தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அது மடியில் சூடேறிப் புளித்துக்கொண்டிருக்கிறது, பையைத் திறக்காமலே வாசனை தெரிகிறது, பக்கத்து சீட்டுக்காரிக்கும் தெரிந்திருக்கும், பாவம், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். தேங்க்ஸ் என்றாள் சுகந்தி. எதற்கு என்பது போல அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். எல்லாவற்றுக்கும் தேங்க்ஸ் சொல்கிற இந்தப் பழக்கம் அவளுக்கு அந்தப் பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அந்தப் பிள்ளைகள் என்றால் ஹோமில் வளர்ந்த பிள்ளைகள். பதினெட்டு முடிந்த மறுநாள் ஹோமில் இடம் கிடையாது. கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், கண்ணீரும் கைதட்டலுமாக ஒரு பிரிவுபசாரம், அப்புறம் கேட்டுக்கு வெளியே ரோடு. அந்த ரோட்டில் நின்று அவர்களைப் பிடித்துக்கொள்வதுதான் சுகந்தி வேலை பார்க்கிற டிரஸ்டின் வேலை. வேலை தேடிக் கொடுக்கணும், ஹாஸ்டலில் படுக்கை பிடித்துக் கொடுக்கணும், அவர்களாகக் கால் ஊன்றி நிற்கிறவரை பின்னாலேயே போய்க்கொண்டிருக்கணும். கேட்பவர்களுக்குப் புண்ணிய காரியமாகத் தெரியும். செய்கிறவளுக்குக் குதிகால் வலி தெரியும். நிரோஷாவுக்கு இது முதல் வேலை, மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விரல் நல்ல விரல் என்று மேனேஜரே சொன்னாராம். வேலை போனால் ஹாஸ்டல் போகும், வேலைக்குப் போகிற பெண்களுக்குத்தான் அங்கே படுக்கை. ஹாஸ்டல் போனால் சூலூர்ச் சித்தி. பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத சித்தி, பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் பூவும் பழமுமாக வந்து நின்றாள், எங்க ரத்தமுங், எங்களுக்கில்லாத அக்கறையா என்று. அக்கறைக்குப் பின்னால் ஒரு தம்பி இருந்தான், முதல் சம்சாரம் ஓடிப்போனவன், நாற்பதைத் தொட்டவன், குடித்துவிட்டு வாசலிலேயே விழுந்து கிடப்பவன். நிரோஷா அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், நான் வேலைக்குப் போறேங்க்கா என்று. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வராது, அந்த வார்த்தையைப் பழக்காமலே வளர்த்துவிட்டார்கள். வேலைக்குப் போறேன் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த வேண்டாம். அந்த ஒற்றை வேண்டாமையும் பிடுங்கிக்கொள்ளத்தான் இப்போது போன் வந்திருக்கிறது. சித்தி விடுவாளா. நாளைக்கே ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அப்படி என்னத்தைப் பண்ணியிருப்பாள். திருடியிருப்பாளோ. சீச்சீ. ஆனால் சோற்று நேரம் என்றாளே. சோற்றை ஒளித்து வைத்திருக்கலாம். ஹோம் பிள்ளைகள் தலையணைக்கடியில் சப்பாத்தியைச் சுருட்டி வைத்துக்கொண்டு எறும்பு கடிக்கத் தூங்குவதைச் சுகந்தி பார்த்திருக்கிறாள், பசியினால் இல்லை, நாளைக்கு வருமோ வராதோ என்ற சந்தேகத்தினால். யாருடைய டப்பாவையாவது எடுத்துத் தின்றிருப்பாளா. அடித்திருப்பாளா. யாராவது ஒருத்தி உங்கப்பன் யாரு, ஆத்தா யாரு என்று நோண்டியிருப்பாள், இவள் தட்டை வீசியிருப்பாள். ஹோமில் வளர்ந்ததைச் சொல்லணும்னு கட்டாயமில்ல கண்ணு, இஷ்டம் இருந்தா சொல்லு, இல்லாட்டி அக்கா வீட்டுல இருக்கேன்னு சொல்லிக்கோ என்று சுகந்திதான் சொல்லி அனுப்பியிருந்தாள். எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதுதான். தெரிந்துவிட்டால் ஒரு பாதி பேர் பரிதாபப்படுவார்கள், மறு பாதி பேர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அதனால் மேனேஜரைத் தவிர யாருக்கும் தெரியாது, சூப்பர்வைசரம்மாவைப் பொறுத்தவரை சுகந்தி, நிரோஷாவின் பெரியம்மா மகள். இல்லை, வேறு ஏதாவதா. எவனாவது ஒருத்தனோடு. பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றது, இறங்குகிற கூட்டத்தில் ஒற்றைச் சடை, சடையில் பச்சை ரப்பர் பேண்ட், சுகந்தி சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கலைவாணி. அந்தப் பெண் திரும்பினாள், கலைவாணி இல்லை. ஒருபோதும் கலைவாணியாக இருந்ததில்லை. போன வருஷம் ஒருத்தன் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான் என்று அவன் பின்னால் போன பெண், பெங்களூர் என்றார்கள், அப்புறம் அதுவும் இல்லை என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் நீங்க யாரும்மா அவளுக்கு என்று கேட்டார்கள். யார்தான். அதிலிருந்து ஊரில் இருக்கிற ஒற்றைச் சடைகளெல்லாம் கலைவாணிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், சுகந்தி அரண்டுதான் போயிருக்கிறாள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை. சோத்து நேரத்துல. சோத்து நேரத்துல என்ன. சாப்பாட்டில் முடி கிடந்தது, புழு கிடந்தது என்று குற்றம் சொல்லியிருப்பாளோ. அதற்கு வாய்ப்பே இல்லை. சோற்றைக் குறை சொல்லக் கூடாது என்பது ஹோமில் முதல் பாடம், ஒருத்தர் புண்ணியத்துக்குப் போட்ட சோறு, உப்பில்லாவிட்டால் உப்பில்லாமல் தின்னவேண்டியதுதான். நிரோஷா அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு.

முதன்முதலாக அவளைப் பார்த்ததும் ஒரு சாப்பாட்டு நேரத்தில்தானே. நீள ஹால், சுவரோரம் வரிசையாகப் பிள்ளைகள், முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் மாலை போட்ட படம், பெரிய மீசைக்காரர் ஒருவர். படத்துக்குப் பக்கத்தில், அன்றைக்குச் சோறு போட்ட அவர் குடும்பம் வரிசையாக, அழுவதா வேண்டாமா என்று தெரியாமல். அப்போது நிரோஷாவுக்குப் பத்து வயது இருக்கும், எழுந்து கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று சொன்னாள், அந்த மீசைக்காரரின் பேரைச் சொல்லி, அன்னாரின் ஆன்மா அமைதி பெற வேண்டுகிறோம் என்று. அந்தக் குரலுக்காகத்தான் எப்போதும் அவளையே சொல்ல வைப்பார்கள். குடும்பத்தில் இருந்த ஒரு அம்மாள் அப்போதுதான் உடைந்து அழுதாள். பிள்ளைகள் அழுது முடிக்கட்டும் என்று தட்டின்மேல் கையை வைக்காமல் காத்திருந்தார்கள். என்ன பொறுமை. சுகந்திக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தால் பயமாக இருக்கும். பஸ் மேம்பாலத்து வேலை நடக்கிற இடத்தில் அசையாமல் நிற்கிறது, முன்னால் லாரி, லாரிக்கு முன்னால் இன்னொரு லாரி. சுகந்தி இவர்களுக்கு எதைத்தான் சொல்லிக் கொடுக்கவில்லை. பேங்கில் சலான் நிரப்ப, ரோட்டைக் கடக்க, பாத்ரூமுக்குள் போனால் உள்ளே தாழ்ப்பாள் போட. தாழ்ப்பாள் போடவே ஒரு வாரம் ஆகும் சிலருக்கு, ஹோமில் உள்தாழ்ப்பாள் கிடையாது. ஷிப்ட் முடிந்தால் யாரும் சொல்லாமலே கிளம்பி வரணும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், ஏனென்றால் பேக்கரியில் சேர்த்துவிட்ட ஒரு பையன் மணி அடிக்கும் மணி அடிக்கும் என்று கடை பூட்டுகிறவரை மாவுப் பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறான். ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் அதன் பின்னாலிருந்து சொல்லிக் கொடுக்காத இன்னொன்று தலையை நீட்டுகிறது. இதற்கு முடிவே கிடையாதா. களைப்பாக இருந்தது அவளுக்கு, தூங்கினால் போகிற களைப்பு இல்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லிச் சிரிப்பான் அவள் புருஷன், நானும் தானா வளருதான்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்பான். அவர்கள் பையன் பத்தாவது, நேற்றிலிருந்து காய்ச்சல். காலையில் மாத்திரையை எடுத்து வைத்தாளா இல்லையா. வைத்தாள். வைத்த ஞாபகம் முந்தாநாள் ஞாபகமோ என்னவோ. இந்த வேலையை விட்டுவிட்டால் என்ன. விட்டுவிடலாம். இன்றைக்கே விட்டுவிடலாம், இந்த நிரோஷா விஷயத்தை மட்டும் முடித்துவிட்டு. அப்படித்தான் எட்டு வருஷமாக ஒவ்வொரு விஷயத்தையும் மட்டும் முடித்துக்கொண்டிருக்கிறாள்.

பஸ் நகர்ந்தது. அத்திப்பாளையம் பிரிவில் இறங்கி, கம்பெனி இருக்கிற சந்துக்குள் நடக்கும்போது சொல்லவேண்டியதை அடுக்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளைங்க, தெரியாமல் பண்ணியிருப்பா. இன்னொரு தடவை நடக்காதுங்க. நான் பொறுப்புங்க. இந்த மூன்று வாக்கியத்தையும் எத்தனை கம்பெனி வாசலில் சொல்லியிருப்பாள், தேய்ந்துபோய் அதில் இப்போது உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. செருப்பு வார் வேறு ஒரு பக்கம் விட்டுக்கொண்டு வந்தது. தகரக் கூரை போட்ட ஷெட், வார்னிஷ் நெடி, டீ நேரம் போலிருக்கிறது, மிஷின்கள் ஓய்ந்திருந்தன. பின்கட்டில் பெண்கள் டம்ளரும் கையுமாக ஒரு பக்கம் கூட்டமாக உட்கார்ந்திருக்க, எதிர்ப்பக்கம் செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் நிரோஷா தனியாக உட்கார்ந்திருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு. அடிபட்ட காயம் இல்லை, கிழிசல் இல்லை, அதைத்தான் முதலில் பார்த்தாள் சுகந்தி. உயிரோடு இருக்கிறாள், இங்கேயே இருக்கிறாள். அது போதும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அப்புறம் போதாது என்று தோன்றியது.

சூப்பர்வைசர் செல்வநாயகியம்மா அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். லைனில் இருக்கிற பாப்பாத்தி அக்காவின் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன், பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்து, நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தாராம். அந்தச் சந்தோஷத்தில் விடியற்காலையில் எழுந்து ஒரு போசி நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, மத்தியானம் எல்லோருக்கும் எடுத்துவைக்க உட்கார்ந்தாளாம். முதல் கரண்டி புதுப் பிள்ளைக்கு என்று நிரோஷாவின் தட்டில்தான் வைத்தாளாம்.

"இவ எந்திரிச்சு நின்னுட்டு, யாருக்குங்க்கா நினைவு நாளு, போட்டோ கொண்டாரலீங்களான்னு கேட்டுப்போட்டாளுங்," என்றாள் செல்வநாயகியம்மா. "அந்தக்கா கரண்டியும் கையுமா வெலவெலத்துப் போயிட்டாங்க. உடனே இவ கண்ணை மூடிக்கிட்டு, அன்னாரின் ஆன்மாங்கறா. நானும் இந்த ஷெட்டுல எத்தனையோ பாத்துருக்கேனுங், இப்படி ஒரு கெரகத்தைப் பாத்ததில்லை."

அப்புறம் பாப்பாத்தி போசியை மூடிவிட்டாள். யாரும் சாப்பிடவில்லை. அபசகுனமாக வாய் வைத்துவிட்டாள் என்று ஒருத்தி, ஏவல் வைக்க வந்தவள் என்று இன்னொருத்தி. இவள் பக்கத்து மிஷினில் உட்கார மாட்டோம் என்று நான்கைந்து பேர் நிற்கிறார்கள், லைன் ஓடவில்லை, மேனேஜர் உங்களுக்குள்ள பேசித் தீத்துக்குங்க என்று உள்ளே போய்விட்டார், அதற்குத்தான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது. ஏன்டி அப்படிச் சொன்னே என்று எல்லோரும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, பிள்ளை வாயே திறக்கவில்லையாம்.

பொங்கல் என்ற சொல்லுக்கே சுகந்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலியும் மாலையும் மீசையும் கண் முன்னால் வந்து நின்றன. சிரிப்பு வந்தது, சிரிக்கிற இடமில்லை இது. இதை எப்படிச் சொல்வது. பிள்ளை வாயைத் திறக்காததற்குக் காரணம் சுகந்திதான், சொல்லணும்னு கட்டாயமில்ல என்று அனுப்பியவள். ஹோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தங்கும், ஆனால் அந்த வார்த்தை இந்த ஷெட்டில் பிள்ளையோடு கடைசிவரை உட்கார்ந்திருக்கும், அது அவளுடைய வார்த்தை, சுகந்தி எடுத்துச் செலவழிக்க முடியாது. சொல்லாவிட்டால் சூலூர். ஏதாவது ஒரு பொய். வெகுளிங்க, சின்ன வயசுல காய்ச்சல் வந்து. எந்தப் பொய்யும் கைக்கு வரவில்லை, அத்தனை அலுப்பு. அந்த மூன்று தேய்ந்த வாக்கியங்களில் முதலாவதை எடுத்து, சின்னப் பிள்ளைங்க என்று ஆரம்பித்தாள். அதற்குள் கம்பிச் சுருள்களுக்கு நடுவிலிருந்து நிரோஷா எழுந்துவிட்டாள். நேராகப் பாப்பாத்திக்கு முன்னால் போய் நின்றாள். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"நான் ஹோம்ல வளந்தவங்க்கா," என்றாள். "அங்க பொறந்த நாளுன்னா கேக்கு வரும். பொங்கல் வந்துச்சுன்னா யாராச்சும் செத்தவங்க பேர்லதான் வரும். மொதல்ல அவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் கையில எடுக்கணும். வேற எதுக்கும் யாரும் சோறு கொண்டாந்து நான் பாத்ததில்லீங்க்கா."

டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார்கள். ஏவல் என்று சொன்னவள் யாரோ தெரியவில்லை, எல்லோருமே தரையைப் பார்த்தார்கள். பாப்பாத்தி கனத்த உடம்புக்காரி, நாலைந்து நாள் தூங்காத கண், அழுது சிவந்திருந்தது. அவள் அந்தக் கூப்பிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்திக்கு அவள் அடித்துவிடுவாளோ என்றிருந்தது.

"உசுரோட இருக்கறவங்களுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா அங்க?" என்று கேட்டாள் பாப்பாத்தி.

"பொறந்த நாளுக்குச் சொல்றது இருக்குங்க்கா."

"அதச் சொல்லு. அவரு பேரு ஆறுச்சாமி."

நிரோஷா கண்ணை மூடிக்கொண்டாள். அதே கணீர்க் குரல், தகரக் கூரையில் போய் முட்டியது. ஆறுச்சாமி ஐயா அவர்கள் நோய்நொடி இன்றி, எல்லா நலமும் வளமும் பெற்று, நூறாண்டு வாழ்க. சொல்லி முடித்து ஹோம் வழக்கப்படி கையையும் தட்டினாள். தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ மிச்சத்தைத் தட்டினார்கள். இதும் ஒரு மறுபொறப்புதானக்கா என்றாள் ஒருத்தி. பாப்பாத்தி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, போசியை இழுத்து மூடியைத் திறந்தாள். ஆறி இறுகிக் கிடந்த பொங்கலில் ஒரு கரண்டி வெட்டி எடுத்து, மூடியிலேயே வைத்து நீட்டினாள்.

"இந்தா அம்முணி. நிக்காத, உக்காந்து தின்னு. இது யார் பேர்லயும் இல்ல. சும்மா."

நிரோஷா மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வாயில் போடவில்லை. கழுத்தைத் திருப்பிச் சுகந்தியைத் தேடினாள். தாழ்ப்பாளுக்கும் பேங்குக்கும் ரோட்டுக்கும் பார்த்த அதே பார்வை.

"அக்கா, சும்மா குடுத்தா என்ன சொல்லணும்?"

சுகந்திக்குத் தெரியவில்லை. அதற்கென்று ஒரு வகுப்பு அவள் எடுத்ததில்லை. தனக்கு யாராவது அப்படிக் கொடுத்தால் தான் என்ன சொல்வோம் என்று யோசித்துப் பார்த்தாள், கண்டக்டருக்குச் சொன்ன தேங்க்ஸ்தான் ஞாபகம் வந்தது. கால் வலித்தது. அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு," என்றாள். "சாப்பிட்டுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

நிரோஷா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். அவ்வளவு பெண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அவசரப்படவில்லை. கேட்டிருக்கிறார்கள், பதில் சரியாக இருக்கணும் என்பது போல இன்னொரு வாய் எடுத்துப் போட்டு மென்று விழுங்கினாள்.

"நெய்யி பத்தலீங்க்கா," என்றாள்.

செல்வநாயகியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வாயப் பாரு வாய என்றாள் பாப்பாத்தி, டாக்டரு அவருக்கு நெய்யே ஆகாதுன்னுட்டாரு, நான் என்ன பண்றது, அடுத்த தடவை உனக்குன்னு தனியா ஊத்திக் கொண்டாரேன். சிரிப்பு ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் போய் ஷெட் முழுக்கப் பரவியது. ஆளுக்கொரு கை பொங்கலை எடுத்துக்கொண்டார்கள். கூட்டிட்டுப் போயிருங்க என்று சொன்னவள் அதை மறந்துவிட்டு, மிஷினைப் போடுங்கடி, நேரமாச்சு என்று அதட்டிக்கொண்டிருந்தாள். சுகந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரோ அவள் கையிலும் ஒரு உருண்டையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், யாரென்று அவள் பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வாயில் அதைப் போட்டு மென்றாள். பிள்ளை சொன்னது சரிதான், நெய் பத்தவில்லை.